முரண்டு பிடிக்கும் மரம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளி தேக்குக்குப் பேர்போன மண் அன்று. மலைக்காடுகளில் வளரும் ஈட்டியும் வேங்கையும் இங்கே தாமாக முளைப்பதில்லை. ஆயினும் நம் ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஏர் உழுதிருக்கிறது, வண்டி ஓடியிருக்கிறது, உலக்கை இடித்திருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மரம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி கண்மாயிலிருந்தும் கண்மாய்க் கரையிலிருந்தும் வந்தது. அந்த மரத்தின் பெயர் கருவேல்.

இன்று கருவேல் என்றால் விறகு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். "அது வெடிக்கும், உளுத்துப் போகும், உளியை மழுக்கும், ஆணி இறங்காது" என்று குற்றப் பத்திரிகையே வாசிப்பார்கள். இந்தக் குற்றச்சாட்டுகளில் எதுவும் பொய்யில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் தெரிந்தால் பரிகாரமும் உண்டு. அந்தப் பரிகாரங்கள் நம் தச்சர்களின் கையில் இருக்கின்றன. காரணங்கள் நம் பாடப் புத்தகத்தில் இருக்கின்றன. இரண்டும் ஒரே விஷயத்தைப் பற்றியவை என்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழங்காநத்தத்தில் வண்டிப் பட்டறை வைத்திருந்த தச்சர் ஒருவரின் மகன் நான். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளும் நான்தான். ஆகவே இங்கே எழுதுவதில் பாதி பட்டறையில் கேட்டது, பாதி வகுப்பில் கற்றது.

எந்தக் கருவேல்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். சாலையோரத்திலும் தரிசிலும் புதர் புதராக மண்டிக் கிடப்பது சீமைக் கருவேல். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம் அது. 1877-ஆம் ஆண்டளவில் இந்தியாவில் விதைக்கப்பட்டது. அதன் தாவரவியல் பெயர் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. நாம் பேசப்போவது அதைப் பற்றியன்று. நம் மண்ணுக்கே உரிய நாட்டுக் கருவேலைப் பற்றியது. ஆலோடு வேலையும் சேர்த்துப் பல்லுக்கு உறுதி என்று சொல்கிறதே பழமொழி, அந்த வேல் இதுதான்.

பழைய நூல்களில் இதன் பெயர் அகேஷியா அராபிகா, அகேஷியா நிலோட்டிகா என்று இருக்கும். 2005-ஆம் ஆண்டு வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு, அகேஷியா என்ற பேரினப் பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்கே விட்டுக்கொடுத்தது. அதன் பின் 2008-இல் நம் கருவேலுக்கு வச்செல்லியா நிலோட்டிகா என்ற பெயர் வந்தது. பெயர் மாறியதே தவிர மரம் மாறவில்லை.

இரண்டையும் பிரித்தறிவது எளிது. நாட்டுக் கருவேலின் பட்டை கறுத்து, நீளவாக்கில் ஆழமாகப் பிளந்திருக்கும். பூ மஞ்சள் நிறத்தில் சிறு பந்துபோல உருண்டிருக்கும். காய் விதைக்கு விதை இடுங்கி, சாம்பல் பூத்த மணிமாலைபோலத் தொங்கும். முள் வெண்மையாக, நேராக, இரட்டை இரட்டையாக நிற்கும். சீமைக் கருவேலின் பூவோ வெளிர்மஞ்சள் நிறத்தில் கதிர்போல நீண்டிருக்கும். அதன் காய் மாலைபோல இடுங்காமல் பட்டையாக நீண்டு, பழுத்தால் மஞ்சளாகும். நாட்டு மரம் பெரும்பாலும் ஒரே அடிமரமாக எழும்பும். சீமை மரம் தரையிலிருந்தே பல கிளையாகப் பரவும். தச்சனுக்கு நீளமான கட்டை வேண்டும் என்பதால், இந்தக் கடைசி வேறுபாடு அவனுக்கு மிகவும் முக்கியம்.

நாட்டுக் கருவேல் மாதக்கணக்கில் கண்மாய் நீரில் நிற்கும். பிறகு மாதக்கணக்கில் வெடித்த வண்டலிலும் நிற்கும். வெள்ளத்தையும் வறட்சியையும் ஒன்றுபோலத் தாங்கும் மரம் நம் பக்கத்தில் அதிகமில்லை.

மரத்தின் உடல்

அடிமரத்தைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். வெளிப்புறம் மஞ்சள் கலந்த வெள்ளை. இதைப் பாடத்தில் சாற்றுக்கட்டை என்கிறோம். பட்டறையில் 'வெள்ளை' என்பார்கள். உள்ளே இருப்பது வைரக்கட்டை. பட்டறையிலும் அதற்கு 'வைரம்' என்றே பெயர். அறுத்தவுடன் இளஞ்சிவப்பாக இருக்கும் வைரம், காற்றுப் பட்டுப் பட்டுச் செங்கபில நிறமாகும்.

சாற்றுக்கட்டை வழியாகத்தான் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. அங்கேதான் மரம் தன் மாவுச்சத்தைச் சேமிக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல உட்பகுதியின் செல்கள் இறக்கின்றன. அவற்றில் டானின், பிசின் போன்ற பொருள்கள் படிகின்றன. நீர்க்குழாய்கள் அடைபடுகின்றன. இப்படி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பகுதிதான் வைரம். மரத்துக்கு அது வெறும் தூண். நமக்கு அதுதான் மரம்.

நன்றாக உலர்ந்த கருவேல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 800 கிலோ எடை இருக்கும். தேக்கு ஏறத்தாழ 650 கிலோதான். கருவேலின் நார்ச் சுவர்கள் தடித்தவை. அதனால் அடி தாங்கும், அதிர்ச்சி தாங்கும், தேய்மானம் குறைவு. ஆனால் அந்த நார்கள் எப்போதும் நேராக ஓடுவதில்லை. சில கட்டைகளில் முறுக்கிக்கொண்டு, ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி எதிர்ப்பக்கம் சாய்ந்து ஓடும். கருவேலின் பலத்துக்கும் பிடிவாதத்துக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதல் முரண்டு: வெடிப்பு

வெட்டிய கருவேலை வெயிலில் போட்டுவிட்டு ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், இரு முனைகளிலும் நட்சத்திரம்போல வெடிப்பு விழுந்திருக்கும். "நல்ல மரத்தை விறகாக்கிட்டீங்களே" என்று என் தந்தையார் பலரிடம் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பச்சை மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று செல்லின் உள்ளறையில். இன்னொன்று செல்லின் சுவரில். உள்ளறை நீர் முதலில் வெளியேறும். அதுவரை மரம் எடை குறையுமே தவிரச் சுருங்காது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியதும் சுவரிலுள்ள நீர் போகத் தொடங்கும். அப்போதுதான் சுருக்கம் ஆரம்பமாகும்.

இந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. நீளவாக்கில் மிகச் சொற்பம். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய ஆரத் திசையில் ஓரளவு. வளையத்தைச் சுற்றிய திசையிலோ, ஆரத் திசையைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஒரு வட்டம், தன் ஆரம் குறைவதைவிட அதிகமாகத் தன் சுற்றளவைக் குறைக்க முயன்றால் என்ன ஆகும்? எங்காவது பிளந்துதான் தீரும். நடுமையம் உள்ளே இருக்கும்வரை உருட்டுக் கட்டை வெடிப்பதன் காரணம் இதுதான். மையத்தை விட்டு நான்காகவோ பலகையாகவோ பிளந்துவிட்டால் ஒவ்வொரு துண்டும் தன் போக்கில் சுருங்க இடம் கிடைக்கிறது.

முனை மட்டும் முதலில் வெடிப்பதற்கும் காரணம் உண்டு. நீர்க்குழாய்கள் நீளவாக்கில் ஓடுவதால் முனை வழியாக நீர் பல மடங்கு வேகமாக வெளியேறுகிறது. முனை காய்ந்து சுருங்கப் பார்க்கிறது. உள்ளே ஈரமாக இருக்கும் உடல் அதற்கு விட்டுக்கொடுப்பதில்லை. தச்சர்கள் கட்டையின் முனையில் சாணமும் செம்மண்ணும் குழைத்து அப்புவது எதற்கு என்று இப்போது விளங்கும். அது கண்ணேறு கழிக்கும் சடங்கன்று. நீர் போகும் வாசலை அடைப்பது.

அப்பா சொல்லுவார்: "அவசரப்படாதடா, மரம் அது வேளையில காயும்." நிழலில், தரையில் படாமல், இடையிடையே குச்சி வைத்து அடுக்கி, காற்று மட்டும் புகும்படி விட வேண்டும். அது காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? சோதனைச்சாலையில் ஒரு சிறு துண்டை எடைபோட்டு, 103 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் எடை மேலும் குறையாதவரை உலர்த்தி, மறுபடி எடைபோடுகிறோம். முதலில் 160 கிராம், உலர்ந்தபின் 100 கிராம் என்று வைத்துக்கொள்வோம். போன நீர் 60 கிராம். உலர் எடைக்கு அது 60 விழுக்காடு. நம் ஊர்க் காற்றில் நன்கு உலர்ந்த மரத்தில் ஈரம் 10 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். அடுப்பு இல்லாதவர்களுக்கும் வழி உண்டு. அடுக்கிலிருந்து ஒரு துண்டை வாரம் ஒருமுறை மளிகைக் கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்குவது எந்த வாரத்தில் நிற்கிறதோ, அந்த வாரத்தில் மரம் வேலைக்குத் தயார்.

இரண்டாம் முரண்டு: உளுப்பு

கருவேலக் கட்டிலின் கீழே மாவு கொட்டிக் கிடப்பதைக் கண்டவர்கள் உண்டு. சிறு வண்டினங்கள் மரத்தைத் துளைத்துத் துகளாக்கிய வேலை அது. சற்று உற்றுப் பார்த்தால் துளைகள் எல்லாம் வெள்ளைப் பகுதியிலேயே இருக்கும். வைரத்தில் இருப்பது அரிது.

இந்த வண்டுகளின் புழுக்கள் மரத்தில் தேடுவது மாவுச்சத்தை. அது சாற்றுக்கட்டையில்தான் இருக்கிறது. மரத்தின் வெட்டுமுகத்தில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். இது நாம் முதலாண்டிலேயே செய்த சோதனை. ஆகவே முதல் பரிகாரம், வெள்ளையைச் செதுக்கித் தள்ளுவது. வைரம் பாயாத இளமரத்தில் வெள்ளையைத் தள்ளினால் மிஞ்சுவது கைப்பிடியளவுதான். முற்றிய மரத்துக்காகக் காத்திருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

இரண்டாம் பரிகாரம், ஊறவைப்பது. வெட்டிய கட்டையைக் கண்மாயிலோ கிணற்றிலோ முழுக அமிழ்த்திவிடுவார்கள். மிதக்காமல் இருக்க மேலே கல்லை ஏற்றுவார்கள். குறைந்தது ஆறு வாரமாவது கிடக்க வேண்டும் என்பது எங்கள் பட்டறைக் கணக்கு. நீரில் கிடக்கும்போது மரத்திலுள்ள சர்க்கரை கரைந்து வெளியேறுகிறது. மாவுச்சத்தை நுண்ணுயிர்கள் சிதைக்கின்றன. வெளியே எடுக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்ளச் செய்யும் நாற்றம் அவற்றின் வேலைக்குச் சாட்சி. வண்டு வரும்போது அதற்குப் பந்தியில் இலை மட்டும்தான் இருக்கும், சோறு இருக்காது. நீரில் கிடக்கும்வரை மரம் வெடிப்பதுமில்லை. ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

மூன்றாம் முரண்டு: ஆயுதத்தை மழுக்குவது

கருவேலைப் பச்சையிலேயே அறுத்துவிட வேண்டும் என்பது தச்சர்களின் பால பாடம். செல்சுவரில் நீர் நிறைந்திருக்கும்போது நார் இளகியிருக்கும். வாள் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்து இறுகிவிட்ட கருவேலை அறுப்பவன் ஒரு நாளில் பாதியை வாளுக்கு அரம் போடுவதிலேயே கழிப்பான். எனவே முறை இதுதான்: பச்சையில் பிளந்து, வாய்ச்சியால் சுமாரான உருவத்துக்குச் செதுக்கிக்கொள்வது, சுருக்கத்துக்கு இடம் விட்டு அளவைச் சற்றுக் கூட்டியே வைப்பது, காய்ந்தபின் உளியும் இழைப்புளியும் கொண்டு முடிப்பது.

எவ்வளவு கூட்டுவது? 15 சென்டிமீட்டர் அகலமுள்ள துண்டு 5 விழுக்காடு சுருங்குமானால் 7.5 மில்லிமீட்டர் குறையும். தச்சர் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 8 நூல். அப்படியானால் இரண்டு நூலுக்குச் சற்று அதிகம். "ரெண்டு நூல் விட்டுக் கோடு போடு" என்று என் தந்தையார் சொல்லும் கணக்கும் இதுவும் ஒன்றாக வந்ததைக் கண்டு வியந்தேன்.

முறுக்கிழை உள்ள கட்டையை இழைக்கும்போது ஒரு சாண் தூரம் வழவழப்பாக வரும். அடுத்த சாணில் நார் பிய்ந்து பள்ளம் விழும். இழைப்புளியின் அலகு நாரின் சாய்வோடு போகும்போது வெட்டுகிறது. எதிர்த்துப் போகும்போது நாருக்கு அடியில் நுழைந்து பெயர்த்தெடுக்கிறது. அலகை மிகச் சொற்பமாக நீட்டி மெல்லிய சீவல் எடுப்பது ஒரு வழி. அலகு சாதாரணமாக 45 டிகிரியில் சாய்ந்திருக்கும். அதை 50, 55 டிகிரிக்கு நிமிர்த்திக்கொள்வது இன்னொரு வழி. நிமிர்ந்த அலகு நாரைப் பெயர்க்காமல் சுரண்டும். இரண்டுக்கும் மசியாத இடத்தைக் கண்ணாடிச் சில்லால் சுரண்டியே வழிக்குக் கொண்டுவர வேண்டும். உளிக்கும் இதே நியாயம்தான். மென்மரத்துக்கு 25 டிகிரியில் தீட்டும் முனையை, கருவேலுக்கு 30 டிகிரிக்குத் தடிப்பாகத் தீட்ட வேண்டும். கூர்மை சற்றுக் குறையலாம், முனை உடையாது.

இத்தனை பாடுபட்டு முடித்த கருவேல் எண்ணெய் பூசியதும் கண்ணாடிபோல் மின்னும். கடைசலுக்கும் அது நன்றாகவே இணங்கும்.

நான்காம் முரண்டு: ஆணியும் கறுப்பும்

காய்ந்த கருவேலில் நேராக ஆணி அடித்தால் ஒன்று ஆணி வளையும், இல்லாவிட்டால் மரம் பிளக்கும். ஆணியின் கூர்முனை நார்களை ஆப்புபோல விலக்கிக்கொண்டு போகிறது. விலகிப் போக இடமில்லாத நெருக்கமான நார்கள் பிளந்து வழிவிடுகின்றன. ஆகவே ஆணியைவிடச் சற்று மெல்லிய துளையை முதலில் போட்டுக்கொள்ள வேண்டும். ஆணியின் முனையைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி மழுக்கிக்கொள்வதும் உண்டு. மழுங்கிய முனை நாரை விலக்காமல் நசுக்கி அறுத்துக்கொண்டு இறங்கும். கூரான ஆணியைவிட மொட்டை ஆணி நல்லது என்பது கேட்பதற்கு விந்தையாக இருந்தாலும் உண்மை.

இரும்பைக் கூடியவரை தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஈரக் கருவேலில் இரும்பு பட்ட இடமெல்லாம் மைபோலக் கறுத்துவிடும். கருவேல மரத்தில் டானின் அதிகம். அதன் பட்டையில் மட்டும் ஏறத்தாழ 12 முதல் 20 விழுக்காடு டானின் இருக்கிறது. திண்டுக்கல்லில் ஆவாரம்பட்டையால் தோல் பதனிட்டதுபோல், கான்பூரில் கருவேலம்பட்டையால் பதனிட்டார்கள். இந்த டானின் இரும்போடு கூடினால் கருநீலக் கூட்டுப்பொருள் உண்டாகிறது. முற்காலத்து எழுதும் மையும் இதே வினையில் பிறந்ததுதான். சோதனைக்குழாயில் கருவேலம்பட்டைக் கஷாயத்தை எடுத்து பெரிக் குளோரைடு இரண்டு சொட்டு விட்டால் கண்ணெதிரே மை தயாராகிவிடும். கறை மட்டுமா? ஈரமும் டானின் அமிலமும் சேர்ந்து ஆணியையும் அரிக்கின்றன. சில ஆண்டுகளில் ஆணி இளைத்து, துளை பெருத்து, இணைப்பு ஆடத் தொடங்கும்.

இதனால்தான் பழைய வேலைகளில் இணைப்புக்குக் கழுந்தும் துளையும், அவற்றைப் பூட்ட மூங்கில் ஆணியும் பயன்படுத்தினார்கள். மூங்கில் ஆணிக்குத் துரு கிடையாது.

சக்கரம்: எல்லாப் பாடமும் கூடும் இடம்

இந்த நான்கு முரண்டுகளையும் வென்றவனால்தான் வண்டிச் சக்கரம் செய்ய முடியும். சக்கரத்தின் நடுவில் குடம். குடத்திலிருந்து கிளம்புவது ஆரக்கால். ஆரக்கால்களின் முனையில் வளைவாகப் பொருந்துவது வட்டை. எல்லாவற்றையும் சுற்றி இரும்புப் பட்டை. இந்த மர உறுப்புகள் மூன்றுக்குமே கருவேல் உதவியிருக்கிறது. இந்திய மரங்களைப் பற்றி 1881-இல் விரிவான கையேடு எழுதிய ஜே. எஸ். காம்பிள் என்ற வனத்துறை அதிகாரியும் சக்கரம், உழவுக் கருவி, செக்கு, கைப்பிடி முதலியவற்றைக் கருவேலின் பயன்களில் சேர்த்திருக்கிறார்.

குடத்தில் ஆரக்காலைச் செருகும்போது ஒரு நுட்பம் உண்டு. ஆரக்கால் எலும்புபோலக் காய்ந்திருக்க வேண்டும். குடத்தில் சற்று ஈரம் மிஞ்சியிருக்கலாம். காய்ந்த ஆரக்கால் இனிச் சுருங்காது. குடமோ காயக் காயத் துளை நெருங்கி ஆரக்காலைக் கவ்விக்கொள்ளும். மாற்றிச் செய்தால் ஆரக்கால் இளைத்துக் கழன்றுவிடும். குடம் வெடிக்காமல் இருக்க இருபுறமும் இரும்புப் பூண் போடுவார்கள்.

பிறகு பட்டை ஏற்றுவது. பட்டையின் வளையம் சக்கரத்தைவிடச் சற்றுச் சிறிதாக இருக்கும். அதைத் தரையில் படுக்கவைத்து, சுற்றிலும் வறட்டியும் விறகும் அடுக்கிப் பழுக்கக் காய்ச்சுவார்கள். இரும்பு ஒரு டிகிரி வெப்பத்துக்குத் தன் நீளத்தில் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். சக்கரத்தின் குறுக்களவு ஒன்றரை மீட்டர் என்றால் சுற்றளவு ஏறத்தாழ 4.7 மீட்டர். வெப்பம் 500 டிகிரி உயர்ந்தால் பட்டை 28 மில்லிமீட்டர் நீளும். நம் கணக்கில் ஓர் அங்குலமும் ஒரு நூலும். அந்த ஒரு விரற்கடைப் பெருக்கத்தை நம்பித்தான் குறட்டால் தூக்கிவந்து சக்கரத்தில் மாட்டுகிறார்கள். மரம் கருகுவதற்குள் தண்ணீர் ஊற்றுகிறார்கள். இரும்பு சுருங்கும்போது எழும் இறுக்கத்தில் வட்டையும் ஆரக்காலும் குடமும் 'நறநற' என்று முனகிக்கொண்டு தத்தம் இடத்தில் போய் உட்காரும். இந்தப் பிடியைத் தாங்க மெல்லிய மரத்தால் இயலாது.

கோடையில் மரம் மேலும் காய்ந்து சுருங்கினால் பட்டை கலகலக்கும். அப்போது வண்டிக்காரர்கள் வண்டியைக் கண்மாய்த் தண்ணீரில் இறக்கி நிறுத்துவார்கள். செல்சுவர் நீரை உறிஞ்சி உப்பும். பட்டை மறுபடி இறுகும். மாடு தண்ணீர் குடிக்கும்போது சக்கரமும் குடிக்கிறது!

இன்றைய நிலை

இன்று டயர் வண்டி வந்துவிட்டது, டிராக்டர் வந்துவிட்டது. உழைப்பைக் குறைக்கும் எதையும் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. தென் மாவட்டங்களில் நடக்கும் மாட்டுவண்டிப் பந்தயங்களுக்காக இன்னும் சில பட்டறைகளில் மரச்சக்கரம் செய்கிறார்கள். மற்றபடி கருவேலுக்கு மிஞ்சியிருப்பது கோடாலிக் காம்பும் மண்வெட்டிக் காம்பும் அடுப்பும்தான். ஒரு கிலோ கருவேல் ஏறத்தாழ 4,900 கிலோ கலோரி வெப்பம் தரும். அந்த நல்ல குணமே அதற்கு எமனாகவும் இருக்கிறது.

1981-இல் ஸ்வீடன் நாட்டு உதவியுடன் தொடங்கிய சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் தமிழ்நாட்டுக் கண்மாய்களின் உள்ளே கருவேல் பெருமளவில் நடப்பட்டது. 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற ஆணையிட்டபோது ஊர்தோறும் மரம் வெட்டும் வேலை நடந்தது. இரண்டுக்கும் பெயரில் கருவேல் உண்டு. இரண்டுக்கும் முள் உண்டு. வேறுபாடு அறியாதவன் கையில் கோடாலி இருந்தால், சீமை மரத்தோடு நாட்டு மரமும் விழும். வெட்டுபவனுக்கு அது ஒரு நிமிட வேலை. வைரம் பாய்ந்த இன்னொரு கருவேல் நிற்க, ஒரு குழந்தை வளர்ந்து வேலைக்குப் போகும் காலம் வேண்டும்.

மரத்தோடு போகும் இன்னொன்றும் உண்டு. என் தந்தையாருக்கு எழுத்து வாசனை ஐந்தாம் வகுப்போடு நின்றது. அவருக்குத் தெரிந்ததெல்லாம் கையில் இருக்கிறது; காகிதத்தில் இல்லை. நான் கல்லூரிக்கு வந்ததில் அவருக்கு உள்ள பெருமையை நான் அறிவேன். அதே சமயம், என் தாத்தா பிடித்த வாய்ச்சியை அடுத்துப் பிடிக்க எங்கள் வீட்டில் ஆள் இல்லை என்பதும் உண்மை. என்னைப்போன்ற வீடுகளிலிருந்து வந்தவர்கள் இக்கல்லூரியில் பலர் இருக்கிறோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளை உண்டு. குயவர் வீட்டுப் பிள்ளை உண்டு. கொத்தனார் வீட்டுப் பிள்ளை உண்டு. பட்டம் வாங்க வந்த நாம், வீட்டில் இருந்த படிப்பைக் கைநழுவ விட்டுவிடக் கூடாது. தொழிலைத் தொடர முடியாவிட்டாலும் அதன் அறிவைத் தொடரலாம் அல்லவா?

அதற்குச் சில சிறிய வேலைகள் போதும். நம் துறை அருங்காட்சியகத்தில் இலையும் பூவும் ஒட்டிய தாள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றின் அருகே உள்ளூர் மரங்களின் கட்டைத் துண்டுகளையும் வைக்கலாம். கருவேல், வெள்வேல், குடைவேல், வேம்பு, பூவரசு, புளி, வாகை என ஒவ்வொன்றிலும் வெள்ளையும் வைரமும் தெரியும்படி ஒரு துண்டு. அதன் கீழே லத்தீன் பெயரோடு, தச்சர் சொல்லும் குணமும் எழுதப்பட வேண்டும். மாணவர்கள் தங்கள் ஊர்க் கண்மாயில் நிற்கும் நாட்டுக் கருவேல்களை எண்ணி, சுற்றளவு அளந்து, ஊராட்சிக்கு ஒரு பட்டியல் கொடுக்கலாம். வெட்டு ஆணை வரும் நாளில் அந்தப் பட்டியல் ஒரு மரத்தையாவது காக்கும். வீட்டில் தொழில் தெரிந்த பெரியவர்கள் இருந்தால், அவர்கள் செய்வதைப் பார்த்து, ஏன் என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாம். அவர்கள் சொல்லும் காரணம் நம் பாடத்தோடு ஒத்துவராத இடமும் இருக்கும். அந்த இடத்தில்தான் நமக்குச் சோதனைச்சாலையில் செய்ய வேலை இருக்கிறது.

கருவேல் கெட்ட மரமன்று, கண்டிப்பான மரம். அவசரக்காரனுக்கு அது விறகு, பொறுமைசாலிக்குச் சக்கரம். அதன் குணத்தை அறிந்து பழகிய கைகள் நம் ஊரில் இன்னும் இருக்கின்றன. அந்தக் கைகள் ஓயுமுன் அவற்றின் அருகில் போய் அமர்ந்து கற்றுக்கொள்வோமாக!